தகராறு குறைந்த இடம்

டொம்லூர் மேம்பாலம் தெரிகிற ஜன்னலோரம்
பதினோரு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்துகிறேன்.
காடு ஓர் அடுக்கு. ஏரி ஓர் அடுக்கு.
யானை நடக்கும் வழி, கழுகு கூடு கட்டும் பாறை,
மின்கம்பி, தார்ச்சாலை, சரிவு,
வெயில் எவ்வளவு, காற்று நொடிக்கு எத்தனை மீட்டர்.
யாருக்கும் உறுத்தாமல் மிஞ்சுகிற துண்டு
திரையில் பச்சையாக எழும்.
அதைக் கண்டுபிடித்துத் தரத்தான் சம்பளம்.

சிவப்பு என்றால் தொடாதே.
மஞ்சள் என்றால் பேசிப் பார்.
பச்சை என்றால்
நாளைக்கே கம்பம் நடலாம்.

தொட்டபள்ளாபுரத்துக்கு வடக்கே
நூற்றுநாற்பது ஏக்கர் பச்சை.
வருவாய்ப் பதிவேட்டில் ஒரே சொல், கராபு.
கெட்டுப்போனது, ஒன்றுக்கும் ஆகாதது.
நம் பக்கம் புறம்போக்கு என்போம்,
ஆளைத் திட்டவும் அதையேதான் எடுப்போம்.
செயற்கைக்கோளும் ஒத்துக்கொண்டது:
மரமில்லை, பயிரில்லை, கூரையில்லை.
ஆளில்லை என்று அது சொல்லவில்லை.
அப்படி வாசித்தது நான்.

சரிபார்க்கப் போன தீர்த்தேஷ் பத்து மணிக்கு அழைத்தான்.
பின்னால் ஒரே மணிச்சத்தம்.
மேடம், உங்க பச்சையில்தான் நிற்கிறேன்,
என்னைச் சுற்றி நானூறு ஆடு.

போனை பீரப்பா என்பவரிடம் கொடுத்தான்.
அவருடைய கன்னடம் என் கன்னடத்தைவிட வேகமாக நடந்தது.
புரிந்தவரைக்கும்:
தீபாவளி கழிந்து வருவோம், சங்கராந்தி வரை இருப்போம்,
நீங்கள் படம் எடுத்தது எந்த மாசம்?

ஏப்ரல்.

ஏப்ரலில் நானும் இருக்கமாட்டேன், புல்லும் இருக்காது என்றார்,
கடை திறக்கும் நேரத்தைச் சொல்வதுபோல.
ஓடைச் சரிவில் ஓநாய் குட்டி போடுகிற வளை இருக்கிறதாம்.
போன வருஷம் மூன்று ஆடு போச்சு.
அதற்கும் எனக்கும் தகராறுதான், அம்மா,
ஆனால் அது எங்கள் தகராறு.

பன்னிரண்டாவது அடுக்கு ஒன்று திறந்தேன்.
பெயர்: வந்துபோகிறவர்கள்.
உள்ளே போட ஒரு புள்ளிகூட இல்லை என்னிடம்.

அப்புறம் எங்கேதான் வைப்பது என்றாள் ஊர்மிளா.
நியாயமான கேள்வி. கரி எரிகிற ஊர்க்காரர்களும்
மூச்சுதானே விடுகிறார்கள்.
தோண்டி முடித்துக் கைவிட்ட கல்குவாரி,
பீன்யாவின் தகரக் கூரைகள்,
மூடிய குப்பைமேடு, கிடங்கு, பேருந்துப் பணிமனை.
பெரிதாக்கிப் பார்த்தால்
இந்த நகரமே கொதிக்கும் கான்கிரீட் பாய்.
அதில் பானஸ்வாடியில் ஒரு சதுரம்
என் தலைக்குமேலேயே இருக்கிறது.

சனிக்கிழமை குடியிருப்போர் கூட்டம்.
வடாம் எங்கே காயப்போடுவது என்றார் பணிக்கர்.
ஈசானிய மூலையில் கண்ணாடி ஆகாது என்றது நாலாவது மாடி.
மழை ஒழுகும், குரங்கு வரும், விலை விழாது என்று யார் உத்தரவாதம்?
செயலாளர் வசுமதி காமத் புன்னகையோடு முடித்தார்:
நல்ல விஷயம்தான் மா,
ஆனால் ஊருக்கு வெளியே எவ்வளவு நிலம்
சும்மா கிடக்கிறது!
பதினொன்றுக்கு மூன்று.

கூட்டம் கலைந்ததும் மாடி ஏறினேன்.
இரண்டு செத்த டிஷ், கால் போன நாற்காலி,
சிமெண்ட் தொட்டி. கொடியில் ஒரு துணிகூட இல்லை.
சூடு செருப்பைத் தாண்டி ஏறியது.
எட்டி வைத்து அளந்தேன்: இருநூற்றுப் பத்து சதுர மீட்டர்.
திரும்பி வந்து
என் விதிப்படியே
எங்கள் கட்டடத்துக்குச் சிவப்படித்தேன்.
அந்த நூற்றுநாற்பதுக்கு மஞ்சள்,
தீபாவளிக்குப் பின் மறுபடி போய்ப் பார்க்கவும்
என்று ஒரு வரி.

திங்களன்று அறிக்கை போனது.
ஜிகணிப் பக்கத்துக் குவாரி, இருபத்திரண்டு ஏக்கர், பச்சை.
பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது.
அதில் மீன்குஞ்சு விட்டிருக்கிற யாரோ ஒருவர்
இன்றைக்கோ நாளைக்கோ அழைக்கலாம்.
போனைக் கவிழ்த்து வைக்கவில்லை.