பரலியா

காலை ஏழரைக்கு மைக்கைத் தட்டிப் பார்ப்பேன்.
அதிலிருந்து நாலு மணி வரை
அறுநூறு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது
என் உத்தியோகம்.
தமிழில், தெலுங்கில், தட்டுத்தடுமாறி வங்காளியில்.
பாதிப் பேர் வரமாட்டார்கள்.
திரும்பக் கூப்பிட வேண்டும்.
வீட்டுக்குப் போனால் குக்கர் விசில்கூட
யாரையோ டோக்கன் எண் சொல்லி அழைப்பதாகக் கேட்கும்.

அதனால்தான் ஷம்ஷாத்திடம் சொன்னேன்:
யாரும் யாரையும் கூப்பிடாத இடமாகப் பார்.

அவள் எக்ஸ்ரே பிரிவு.
மூச்சை இழுங்க, அடக்குங்க என்று
இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லித்
தானும் அடக்கியே பழகிப்போனவள்.
'எனக்கு யாராவது, விடுங்கன்னு சொல்லணும்டீ' என்றாள்.

அவள் மேல்விஷாரத்திலிருந்து கொண்டுவந்த தால்ச்சாவுக்கும்
என் முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்புக்கும் நடுவே
போனைச் சாய்த்து வைத்துக்
கிரேக்க நாட்டை விரலால் விரித்தோம்.
சிந்திய அரிசியாய்த் தீவுகள்.
பெரிய மணிகளையெல்லாம் தள்ளிவிட்டாள்:
விமானம் இறங்கும், கூட்டம் வரும்.
கடைசியில் ஓரமாக ஒரு நொய்.
வாரத்துக்கு இரண்டே படகு, செவ்வாயும் வெள்ளியும்.
ஆட்டுப்பாதையில் ஒரு மணி நேரம் நடந்தால் கரை.
குடை கிடையாது. கடை கிடையாது.
சவுக்கு மாதிரி ஏதோ நாலு மரம்.
கிடையாது, கிடையாது என்று அவள் படிக்கப் படிக்க
எனக்குப் பசி அடங்கியது.

படத்தில் ஒரு பெயர்ப்பலகை.
முதல் எழுத்து
நம்ம 'ப'வைக் கவிழ்த்துப் போட்டது போல.
பரலியா.
கடற்கரை என்று பொருளாம்.
பரல் என்றால் கூழாங்கல்தானே, என்றேன்.
அங்கே மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல்தான், என்றாள்.
இதற்குமேல் என்ன சொந்தம் வேண்டும்?

செப்டம்பரில் போவது.
கூட்டம் கலைந்திருக்கும், தண்ணீரில் வெயில் மிச்சமிருக்கும்.
அவள் சீட்டை ஜூலையிலேயே எடுத்துவிடுவாள்,
தள்ளு அதிகம் போனால் போகட்டும்.
நான் இரண்டு வளையலை வங்கியில் வைப்பேன்.
விசாவுக்கு வரவுசெலவு கேட்பார்கள்.
என் கணக்கில் ஐந்தாம் தேதிக்குமேல்
பார்க்க ஒன்றுமிருக்காது.
நீச்சல் இருவருக்கும் தெரியாது.
'நைட்டியோட இறங்கலாமா?'
'பாக்கத்தான் ஆளே இல்லையே.'
அந்த ஒரு வார்த்தைக்கு
டப்பாவை மூடாமல் வெகுநேரம் சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று
ஞாயிற்றுக்கிழமை பாலாற்றில் இறங்கினோம்.
வேலூரைப் பழிப்பவர்கள் தொடங்குவதே அங்கிருந்துதான்:
தண்ணியில்லாத ஆறு.
அக்னி நட்சத்திரம் முடிந்து மூன்றாம் நாள்.
ஐந்தரைக்கும் மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது.
லாரித் தடங்களுக்கு நடுவே துண்டை விரித்து
காலி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தோம்.
விதி ஒன்றே ஒன்று: பேசக் கூடாது.

பாலத்தில் சித்தூர் பஸ்கள்.
ஒரு ஆடு வந்து துண்டின் ஓரத்தைத் தின்றது.
அரை மணி போயிருக்கும், ஷம்ஷாத் மூச்சு விட்டாள்.
அது முடிவதற்குள்
ரயில் ஒன்று காட்பாடிப் பக்கம் போய் மறைந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பையன் நின்றான்.
'இன்னாக்கா, எதனா தொலைச்சிட்டீங்களா?'
விதியை மீறாமல் தலையை ஆட்டினோம்,
அவள் ஆமென்றும் நான் இல்லையென்றும்.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
எங்களுக்காகக் கொஞ்ச நேரம்
மணலைக் காலால் கிளறிப் பார்த்தான்.

திங்கட்கிழமை விடுப்புப் படிவம்.
காரணம் என்ற கட்டத்தில்
'சும்மா' என்று எழுதினாள்.
அடித்தாள்.
'நெருங்கிய உறவில் திருமணம்' என்று எழுதினாள்.
யாருக்குக் கல்யாணம்னு கேட்டா, என்றேன்.
பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்:
'பரலியாவுக்கு.'