இருபது காசு டயோடு

பகாவ் செம்பனை ஆலையில்
இந்த மாதம் மூன்றாவது ரிலே.
பிரித்துப் பார்த்தேன்.
முனைகள் இரண்டும் கருகி,
ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு.
"மலிவுச் சாமான்" என்றார் ரொஸ்லான்.

சாமான் மேல் குற்றமில்லை, என்சிக்.
வால்வுச் சுருளில் ஓடும் கரண்டுக்குச்
சட்டென்று நிற்கத் தெரியாது.
வழியை அடைத்தால்
காற்றைக் கிழித்துத் தாவும்,
நீலமாய், ஊசிமுனை அளவு.

ஆ செங் கடையில் டயோடு இருபது காசு.
வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம்.
முதலில் மாற்றி வைத்து
ஃபியூஸ் போனதை யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது பொறி இல்லை.
வால்வுதான்
அரை இமைப்பு பிந்தி மூடுகிறது.

"ஏன் தவமணி, லேட்டாகுது?"

சுருளுக்குள்ளேயே
சுற்றிச் சுற்றி
அடங்குது, என்சிக்.

சங்கு ஊதிவிட்டது.
அடுத்த பெட்டியின்
திருகாணியில் துரு.