நூற்றுப் பதினேழு

குரோனிங்கனில் மழை.
வளையத்தின் ஓரத்தில் மீத்தைலை எடுத்துவிட்டு
ஃபுளூரின் வைத்தாள் வீட்ஸ்கே.
அவ்வளவுதான்; ஆறு வாரம்.

கடற்பாசிச் சாற்றில் புடைத்த எலியின் பாதம்
இரண்டு மணி நேரத்தில் வற்றியது.
யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.

பத்தாம் நாள் யெல்மர் கூண்டுக்குள் குனிந்தான்:
"வீக்கம் இல்லை, சரி.
புண்ணும் ஆறவில்லையே."

சாவி பொருந்தியிருக்கிறது,
மிக நன்றாக;
வீட்டுக்காரனுக்கும் கதவு திறக்கவில்லை.

நூற்றுப் பதினேழின் மேல் கோடு கிழித்தாள்.
திரும்பும் வழியில் சைக்கிள் சங்கிலி கழன்று
விரல் முட்டியைக் கீறியது.
இரவில் பார்த்தால்
சிவந்து, சூடாய், விண்விண்ணென்று.

மாத்திரைப் பெட்டி கைக்கெட்டும் தூரம்.
தெறிக்கட்டும் என்று விட்டுவிட்டு
தாளில் அறுகோணம் வரையத் தொடங்கினாள்,
ஒரு மூலை மட்டும்
இன்னும் காலியாக.