மாதவரத்தில் மைனஸ் பதினெட்டு

மெட்ராஸ்ல கம்பளியா என்று சிரித்தார்
கோவிந்தப்ப நாயக்கன் தெருக் கடைக்காரர்.
மே மாதம். அவர் மின்விசிறிக்குக் கீழே
நூலுருண்டைகள்கூட வியர்த்திருந்தன.
மாதவரம் வந்து பாருங்கள் என்றேன்.
அங்கே ஓர் இரும்புக் கதவு.
இந்தப் பக்கம் முப்பத்தொன்பது டிகிரி.
அந்தப் பக்கம் மைனஸ் பதினெட்டு,
ஐஸ்கிரீம், இறால், உறைந்த பட்டாணி,
இவற்றைத் தூக்கி அடுக்குகிற தேசிங்கு.

நான் கதவுக்கு இப்பக்கம்
எடைச் சீட்டு எழுதுகிறவள்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே
நாற்பது நிமிஷம் கிடைக்கும்.

கம்பெனி கோட்டு உண்டு.
தொப்பி மூன்று பேருக்கு ஒன்று.
முறை வராத நாளில்
துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போவான்.
வரும்போது துண்டு அப்பளமாய் விறைத்திருக்கும்.

தொண்ணூற்றாறு கண்ணி ஏற்ற வேண்டும்.
எவ்வளவு வால் விடுவதென்று தெரியாமல்
எண்பத்தொன்பதில் நூல் தீர்ந்தது.
ஏழு கண்ணிக்காக எல்லாவற்றையும் உருவினேன்.
இப்போது கணக்கு இருக்கிறது:
நூலை ஊசியில் பத்துச் சுற்று சுற்றி
அவிழ்த்து நீளம் பார்.
அதைப் போல் பத்து மடங்கு.
மேலே ஒரு சாண், சந்தேகத்துக்கு.
விரல் வியர்த்தால் நூல் நகராது;
கொஞ்சம் முகப்பவுடர்.

முதல் தொப்பி அவன் நெற்றியில்
சிவப்பாய் ஒரு கோடு கிழித்தது.
"பேரலுக்குப் பட்டை அடிச்ச மாதிரி இருக்குக்கா."
இறுக்கி ஏற்றியிருக்கிறேன்.
அந்த வாரம் வீட்டில்
யாரும் யாரோடும் பேசவில்லை.
கைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

மறுபடி. இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து
இரண்டின் மேலும் ஏற்றி
ஒன்றை மட்டும் உருவிவிட்டேன்.
உருவிய ஊசியின் கனத்துக்கு
ஒவ்வொரு கண்ணிக்கும் மூச்சுவிட இடம்.

வட்டமாய்ச் சேர்க்குமுன் பார்க்க வேண்டும்,
விளிம்பு எங்கேயும் முறுக்கிக்கொள்ளாமல்.
நான் பார்க்கவில்லை.
ஆறு வரிசை கழித்து
சீட்டு வாங்க வந்த டிரைவர் அபூபக்கர் சொன்னார்:
"தொப்பி இல்ல மேடம், ஜாங்கிரி."

மூன்றாவது.
குறைத்துக் குறைத்து உச்சியில் எட்டுக் கண்ணி.
நூலை வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து
எட்டின் வழியாகவும் ஓட்டி இழுத்தேன்.
சுருக்குப்பை வாய்போல மூடிக்கொண்டது.

மிச்ச நூலில் ஒரு கழுத்துப் பட்டை.
இரண்டு பின்னு,
முன்னதைப் பின்னதன் மேல் தாண்டவிடு,
இன்னொன்று பின்னு, மறுபடி தாண்டவிடு.
கடைசியில் ஒரு கண்ணி
தாண்ட ஆளில்லாமல் நிற்கும்.
அதன் வழியே நூலை இழுத்துவிட்டால் போதும்.
ஆறரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில்
அதே ஊசியில் முடித்தேன்.
ஒரு முனை தாராளம், மறுமுனை கஞ்சம்.
முடிக்கிற வரிசைக்கு
ஒரு சுற்றுப் பெரிய ஊசி எடுக்க வேண்டும்.
அன்றைக்குப் பஸ்ஸும் போய்விட்டது.

நனைத்து, பிழியாமல்
துவாலையில் உருட்டி மிதித்து
இறால் பெட்டியின் தெர்மோகோல் மூடியில்
குண்டூசி குத்திக் காயவைத்தேன்.
மூன்று நாள் ஆனது, கடல் காற்றில் ஈரம்.
இறால் வாசனை முழுக்கப் போகவில்லை.
அவனுக்குத் தெரியப்போவதில்லை.

அப்புறம் வால்கள். பதினொன்று.
முடிச்சுப் போட்டால் மண்டையில் மணலாய் உறுத்தும்.
ஒவ்வொன்றையும் நாலு கண்ணி ஒரு திசை,
திரும்பி நாலு கண்ணி எதிர்த்திசை,
இழுத்துப் பார்த்து, பிறகுதான் கத்தரி.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று.

வாங்கினான். புரட்டிப் பார்த்தான்.
உள்பக்கத்தை வெளியே வைத்து மாட்டிக்கொண்டான்.
நூல் மாற்றிய இடங்கள்,
விட்டுப்போய்ப் பிடித்த கண்ணி,
ஒளித்துவைத்த பதினொரு வால்
எல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில்.

"தேசிங்கு, அது உள்பக்கம்."

"வழவழன்னு இருக்கறது
தலைக்குப் படட்டும்கா.
உள்ள யாரு பார்க்கப் போறா, இறாலா?"

கதவு திறந்தது. வெள்ளைப் புகை என் கால்வரை வந்தது.
சீட்டில் நேரம் எழுதினேன்,
இரண்டு இருபது.