ஜன்னல் வைத்த உறை

பள்ளி மூடிய பதினோராவது வாரம்.
உணவுக்கூடத்து நாற்காலிகள் மேசைமேல் தலைகீழாய்க் கிடக்கின்றன.
பால் வைக்கும் குளிர்பெட்டியின் உறுமலையும் அணைத்துவிட்டார்கள்.
ஒரு போன், ஒரு பட்டியல், நான்.

பெயர்களைப் படிக்கிறேன்; முகம் வரவில்லை.
வரிசையில் வந்து தங்கள் எண்ணைப் பொத்தானில் அழுத்தித்
தட்டை ஏந்திப் போகிறவர்கள்.
எண்ணைச் சொன்னால் எனக்குத் தெரியும்.
இருபது எட்டு: ஆரஞ்சைத் தோலோடு கடிப்பவள்.
முப்பத்தொன்று அறுபது: வெள்ளிக்கிழமைகளில் மட்டும்
ஒரு ரொட்டியைச் சட்டைக்குள் திணிப்பவன்.
நான் அதைப் பார்த்ததில்லை. அதாவது
பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

சொல்லவேண்டியது இவ்வளவுதான்:
தபாலில் வெள்ளை உறை ஒன்று வந்திருக்கும்,
ஜன்னல் வைத்தது, விளம்பரக் காகிதம் மாதிரியே இருக்கும்,
எறிந்துவிடாதீர்கள்.
பள்ளியில் சாப்பிடாமல் போன ஒவ்வொரு நாளுக்கும்
ஐந்து டாலர் எழுபது சென்ட் உள்ளே இருக்கிறது.

பாதிப்பேர் மோசடி என்று போனை வைத்துவிடுகிறார்கள்.
கேட்காமலே அரசாங்கம் கொடுக்கிறது என்றால்
நானும்தான் வைத்திருப்பேன்.

ஸ்பிரிங்டேலில், மார்ஷல் தீவுக்காரர்கள் நெருங்கி வாழும் தெருவில்,
லிஜோன் ஒன்பதாவது மணிக்கு எடுத்தாள்.
கோழித் தொழிற்சாலையில் இரவெல்லாம் தொடை அறுத்துவிட்டு
வீட்டில் டப்பா மீனும் சோறுமாக
இன்னும் தூங்காத குரல்.
"எங்களுக்கு வராது மிஸ்.
விண்ணப்பம் போட்ட எதுவும் வந்ததில்லை."
"இதற்கு விண்ணப்பமே கிடையாது."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"அப்படியானால் போன வாரமே குப்பையில் போட்டுவிட்டேன்."

அங்கே குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை.
இன்று புதன்.

மாற்று அட்டைக்கு அழைக்கவேண்டிய எண்ணைச் சொல்ல ஆரம்பித்தேன்,
இரண்டு மணிநேரம் இசை மட்டும் கேட்கும் எண் அது.
அப்போது அவளுக்குப் பின்னால் ஒரு 'பீப்'.
எந்திரம் இல்லை, வாய்.
மறுபடி பீப்.
"அடுத்த ஆள் வா. முண்டாதே.
பால் வெள்ளையா, சாக்லேட்டா?"

என் குரல். என் இழுவை.
"முண்டாதே" கூட என்னுடையதுதான்.

சோபாவுக்குப் பின்னால் ஏழு வயது அல்சன்
உணவுக்கூடம் நடத்துகிறானாம்.
பழைய கால்குலேட்டர்தான் பொத்தான்பலகை.
வரிசையில் தங்கை, அவளுக்குப் பின்னால் ஒற்றைக் கண் கரடி,
தட்டில் களிமண்.
கையில், குப்பைக் கூடையிலிருந்து எடுத்த ஒரு நீல அட்டை.
தன் பெயர் அச்சாகியிருந்ததால் எடுத்தானாம்.

லிஜோன் சிரித்தாளா அழுதாளா, போனில் பிரிக்க முடியவில்லை.
கடையில் ரகசிய எண் கேட்பார்கள் என்றேன்.
அல்சன் போனைப் பிடுங்கி
"நாலு நாலு ஒண்ணு ஏழு" என்றான்.
அது இல்லையடா, அது இங்கே...
சொல்ல வந்ததை விழுங்கினேன்.

நாற்பத்து நான்கு பதினேழு.
முன்பல் இல்லாதவன். சோளத்தை ஒதுக்கிவிடுபவன்.
இன்னும் சோளம் பிடிக்காதா உனக்கு?
"இங்கே நாங்கள் சோளம் தருவதில்லை" என்றான்,
கடைக்காரனின் மிடுக்கோடு.

பட்டியலில் அவன் பெயருக்கு நேரே கோடிட்டேன்.
இன்னும் நூற்றுப் பன்னிரண்டு பேர்.