ஒன்பதாயிரத்து எண்பது

புந்தா அரினாஸில் ஜூலை.
காலை பத்துக்குத்தான் விடியும்,
அதுவும் மனசிருந்தால்.

படகுக் கம்பெனியின் மாடியறையில்
எதுவிகிஸ் ஒயார்சோ
பதிவேட்டை நான்காம் முறை திறக்கிறாள்.
பிழை இல்லை. எச்சரிக்கை இல்லை.
ஒரு முனகல்கூட இல்லை.
நல்லதுதானே என்று சாயங்காலம் நினைத்திருந்தாள்,
சத்தமில்லாத அறையில்
குழந்தை தூங்குகிறது என்று
நாம் நினைத்துக்கொள்வதுபோல.

நீரிணைக்கு அக்கரையில், போர்வெனிரில்,
மூன்றடுக்கு லாரியில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆடுகளோடு
பெலார்மினோ கார்கமோ.
திங்கள் முதல் கால்நடைக்குப் போனில் இடம் கிடையாது,
புதிய பக்கத்தில்தான் பதிய வேண்டும்.
அவன் தட்டுகிறான்.
கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டுகிறான்.
நானூற்று நான்கு.
நீங்கள் தேடியது இங்கே இல்லை.

"இல்லாத பக்கத்துக்கு
துறைமுகம் பூராவும் எதற்கு நோட்டீஸ் ஒட்டினீர்கள்?"
போனில் அவன் குரலுக்குப் பின்னால்
காற்றும் ஆடுகளும்.

"இருக்கிறது, என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது."
இருந்தது.
ஒன்பதாயிரத்து எண்பதாம் போர்ட்டில்
நேரே போய்க் கேட்டால்
பளிச்சென்று திறந்தது:
ஆடு, மாடு, குதிரை,
எண்ணிக்கை, கால்நடை மருத்துவர் சான்று.
அப்ளிகேஷன் சர்வர் முழித்துக்கொண்டுதான் இருந்தது,
அதன் காதுக்குத்தான்
இரவு முழுக்க ஒரு ஆடும் போய்ச் சேரவில்லை.

முன்னால் வெப் சர்வர்.
உலகத்துக்குத் தெரிந்த முகம் அதுதான்.
நடுவில் ஒரு ப்ளக்-இன், கையில் ஒரு பட்டியல்.
பயணிகள், வாகனங்கள், கால அட்டவணை, ரத்து
இவற்றைக் கேட்டு வந்தால் பின்னால் அனுப்பும்.
வேறு எது வந்தாலும் முன்னறையிலேயே விட்டுவிடும்.
முன்னறையோ தன் அலமாரியைக் குடைந்து,
கம்பெனிச் சின்னம், பழைய கட்டண அட்டை,
யாரோ எப்போதோ போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து
எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்து
இல்லை என்று சொல்லும்.
பொய் சொல்லவில்லை. அதனிடம் இல்லை.
பூசாரியின் இல்லை வேறு,
சாமியின் இல்லை வேறு.

ஒரு வரி சேர்த்தாள்.
கோப்பை மறுபடி உருவாக்கினாள்.
பெலார்மினோ தட்டினான்.
நானூற்று நான்கு.

அப்போது அவள் சொன்ன ஸ்பானிஷ் சொல்லை
நான் இங்கே எழுதப்போவதில்லை.

புதிய கோப்பு, உருவான இயந்திரத்திலேயே
உட்கார்ந்திருந்தது.
வெப் சர்வர் படிப்பது
வேறொரு இயந்திரத்தில்,
வேறொரு அடைவில் கிடக்கும் நகலை.
தேதி பார்த்தாள்: மார்ச் பதினொன்று.
அன்றைக்கெல்லாம் ஆடுகள்
போனில் பேசிக்கொண்டிருந்தன.

நகலெடுத்துப் போட்டாள்.
நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை,
அறுபது நொடிக்கு ஒருமுறை
அதுவே கையிலுள்ள பட்டியலைத் திரும்பிப் பார்க்கும்.
அறுபது நொடி.
தகரக் கூரையைக் காற்று பிறாண்டியது.
ஹீட்டர் இருமியது.
ஆறிப்போன மாத்தே நீரை ஒரு வாய் உறிஞ்சினாள்,
உதடு கசந்தது.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

வெறும் பதிவேட்டில்
முதல் வரி விழுந்தது.

போர்வெனிர். கால்நடை. 212.
அடுத்த வரியும் விழுந்தது, உடனே:
இடம் இல்லை.

போன் அடித்தது. எடுக்கப் பயந்தாள்.
"நாளைப் படகில் இடமில்லையாம்" என்றான் பெலார்மினோ.
கோபம் இல்லை குரலில்.
"ஐம்பத்திரண்டு மாடு முந்திக்கொண்டதாம்.
வியாழன் காலை கேட்டது, சரி என்றேன்.
இத்தனை நேரம் எங்கே போயிருந்தது இது?"

"எங்கேயும் போகவில்லை" என்றாள்.

அவன் தீவனத்தின் விலையைச் சொல்ல ஆரம்பித்தான்.
மூட்டை மூட்டையாக, இரண்டு நாளைக்கு.
அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.
திரையில் இன்னொரு வரி விழுந்தது:
குதிரை. 1.