தண்ணீரில் பிடித்துப் பார்த்தல்

மூன்ஸ்டர் ஸ்டேசனுக்கு அடியில்
சைக்கிள்கள் அடுக்கிய நிலவறையில்
பதினொரு வருஷமாய்ப் பஞ்சர் ஒட்டுகிறேன்.
காத்துப் போகிற இடம் கண்ணுக்குத் தெரியாது.
ரியூப்பை ஊதி, பேசின் தண்ணீரில் அமுக்கி,
விரல் விரலாய்த் திருப்பிக்கொண்டு வந்தால்
ஓரிடத்தில்
முத்து முத்தாய்க் கிளம்பும்.
அங்கே பென்சிலால் ஒரு வட்டம்.
என் தொழில் அவ்வளவுதான்.

மகன் பிறந்து நாற்பது நிமிஷம்.
முனகினான்.
பாலுக்கென்று நினைத்தேன்.
வீப்கே என்ற தாதிதான்
அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றாள்,
விலாவுக்கிடையில் தோல்
உள்ளே உள்ளே போவதை.
அறை விளக்கை அணைத்தார்கள்.
வெளிச்சக் குச்சி ஒன்றை
வலது பக்கத்தில் தொட்டு வைத்தார்கள்.
என் பிள்ளை
கடதாசிக் கூட்டு விளக்குப் போலச்
சிவந்து எரிந்தான்.
அழகாய் இருந்தது.
அப்படி எரியக் கூடாது என்று
அவர்களின் முகத்தில் இருந்தது.

டொக்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினாள்.
முதல் மூச்சைப் பேராசையாய் இழுத்திருக்கிறான்,
உள்ளே ஒரு பொட்டுப் பை தாங்கவில்லை,
கசிந்த காற்று போக வழியில்லாமல்
நுரையீரலையே நெரிக்கிறது.
லுஃப்ட், லுஃப்ட் என்றாள் நாலு தரம்.
இந்த நாட்டில் நான் முதல் படித்த சொல்.
கடை வாசலில் எழுதியிருக்கும்:
லுஃப்ட் இலவசம்.

விலாவில் ஓர் ஓட்டை போட்டார்கள்.
பிரேக் வயர் மொத்தத்தில் ஒரு குழாய்,
அதன் மறுமுனை ஒரு போத்தலுக்குள்,
போத்தலில் தண்ணீர்,
தண்ணீரில்
முத்து முத்தாய்.

"குமிழ் வருவது நல்லது,
காற்று வெளியேறுகிறது" என்றாள் வீப்கே.
எனக்கு எப்படி நல்லதாய்ப் படும்?
குமிழ் என்றால் ஓட்டை.
வேறு எதையும் பதினொரு வருஷத்தில்
தண்ணீர் எனக்குச் சொன்னதில்லை.

அவன் அழுதால் கூடுதலாய் வரும்.
அழாதே ராசா என்பேன்.
அடுத்த நிமிஷம் சத்தமில்லை என்றால்
அழடா என்பேன்.
பெட்டியின் அட்டையில்
'நவரத்தினராசா, ஆண்' என்று மட்டும்.
பெயர்ப் படிவம் நாலாய் மடித்தபடி
என் காற்சட்டைப் பையில்.

மேல் மாடியில் சுகிர்தா
வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு
மெசினால் பால் எடுத்தாள்.
மஞ்சளாய் ஐந்து மில்லி.
"நீங்கள் மட்டுமா பம் அடிக்கிறீங்கள்" என்றாள்.
சிரிக்கத்தான் சொன்னாள். இருவரும் சிரிக்கவில்லை.
ஸ்கார்பரோவிலிருந்து அவளின் அக்கா எடுத்தாள்:
யாரைப் போல, படம் எங்கே?
படம் பிறகு அனுப்புகிறோம் என்றோம்.
மற்றதைப் பற்றி
மூச்சு விடவில்லை.
அந்தச் சொல்லை
அன்றைக்குத்தான் என் காது கேட்டது.

மூன்றாம் நாள் விடிய நாலு மணி.
அவன் அழுதான். தண்ணீர் அசையவில்லை.
நான் நம்பவில்லை.
வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்க்காமல்
ஒரு சில்லைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை.
அவர்களும் நம்பவில்லை.
குழாயை இடுக்கி, அரைநாள் விட்டு,
படம் பிடித்து, மறுபடி பார்த்து,
பிறகுதான் உருவினார்கள்.
அதில்தான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது.

ஓட்டையின் மேல் சின்னதாய் ஓர் ஒட்டு.
ஓரம் கிளம்பியிருக்கிறதா என்று
பெருவிரலால் தடவினேன்.
கையை எடுங்கோ என்பதை
ஜெர்மனில் சொன்னாள் வீப்கே.

மூன்று கிழமைக்குப் பிறகு
வீட்டில் முதல் முழுக்கு.
நீல பேசின், இளஞ்சூட்டுத் தண்ணீர்,
அவன் கழுத்து என் முன்னங்கையில்.
திடீரென்று
அவனுக்குக் கீழேயிருந்து
ஒன்று. இன்னும் இரண்டு.
மேலே வந்து உடைந்தன.

அவசர நம்பர் மறந்துபோனது.
ஜெர்மன் முழுவதும் மறந்துபோனது.
"சுகி, குமிழ்!" என்று கத்தினேன்.
ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள்.
மூக்கைச் சுளித்தாள்.

"குசு விட்டிருக்கிறானப்பா."

குளியலறை நிலத்தில் இருந்து
தையலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு
அவள் சிரிக்கிறாள்,
நோகுது நோகுது என்று சிரிக்கிறாள்.
நான் இன்னும்
தண்ணீரைப் பார்த்தபடி.